100 பங்கும் கப்பல் கணக்கில் ஒரு வரவும்: டர்பனிலிருந்து பார்க்கும் கணக்கு

டர்பன் துறைமுகத்தின் பாயின்ட் பகுதியிலுள்ள நெல்சன் மண்டேலா பயணிகள் முனையத்திலிருந்து, ஆண்டுதோறும் நவம்பரில் தொடங்கிக் கோடை முடியும்வரை சொகுசுக் கப்பல்கள் மொசாம்பிக் கடற்கரைப் பக்கம் போய்வருகின்றன. டிசம்பர் பள்ளி விடுமுறையில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தைகள் வரை ஒன்றாகப் புறப்பட்டு, போர்த்துகீசியத் தீவில் ஒரு பகல் மணலில் கழித்துத் திரும்புவது இன்று வழக்கமாகிவிட்டது. இப்படிப் போய்வருவோரிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: கப்பல் நிறுவனத்தின் 100 பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பயணத்திலும் கப்பலில் செலவழிக்க அந்த நிறுவனமே பணம் தருகிறதாமே, அது உண்மையா?

உண்மைதான். ஆனால் டர்பன் துறையில் வந்து நிற்கும் கப்பலுக்கு அது பொருந்தாது. இங்கே பருவம் முழுவதும் ஓடுவது எம்.எஸ்.சி. நிறுவனத்தின் கப்பல். ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் அப்போன்டே குடும்பத்தின் தனிச்சொத்து. டர்பனின் சரக்குத் துறையில் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கும் கன்டெய்னர்களில் பல அதே குடும்பத்தின் கப்பல்களில் வருபவைதான் என்றாலும், அதன் ஒரு பங்கைக்கூட எந்தப் பங்குச்சந்தையிலும் வாங்க முடியாது. பங்கே இல்லாத இடத்தில் பங்குதாரர் சலுகைக்கு வழியில்லை. எம்.எஸ்.சி.யில் அடிக்கடி பயணிப்போருக்கு அதன் வொயேஜர்ஸ் கிளப் என்னும் உறுப்பினர் திட்டம் உண்டு. அது பயணத்தின் எண்ணிக்கையையும் செலவையும் பார்த்துத் தரப்படுவது. முதலீட்டோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது.

அப்படியானால் சலுகை தருவோர் யார்? நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட மூன்று பெரிய குழுமங்கள்தான் இதில் முதன்மையானவை. கார்னிவல் குழுமத்தின் கீழ் கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, சீபோர்ன், கியூனார்டு, கோஸ்டா, ஆய்டா, பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் ஆகிய பெயர்கள் வருகின்றன. ராயல் கரீபியன் குழுமத்தில் ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ ஆகியவை உள்ளன. நார்வீஜியன் குழுமத்தில் நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜன்ட் ஆகியவை உள்ளன. மூன்றிலும் விதி ஏறத்தாழ ஒன்றே: குறைந்தது 100 பங்குகள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், பயணத்துக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும், பயணம் எவ்வளவு நீளமோ அதற்கேற்ற ஒரு தொகை, பயணி தங்கும் அறையின் கப்பல் கணக்கில் வரவாக வைக்கப்படும்.

கார்னிவலில் 6 நாளோ அதற்குக் குறைவோ ஆன பயணத்துக்கு 50 டாலர், 7 முதல் 13 நாள் வரை 100 டாலர், 14 நாளும் அதற்கு மேலும் 250 டாலர். பவுண்டில் கணக்கு வைக்கும் பிரிட்டிஷ் கப்பல்களில் இதுவே 30, 60, 150 பவுண்டு ஆகிறது. நார்வீஜியனிலும் தொகைகள் அவையே. ஆனால் 250 டாலர் அங்கே 15ஆம் நாளிலிருந்துதான் கிடைக்கிறது. 14 நாள் பயணத்துக்கு 100 டாலரோடு நிறுத்திவிடுகிறார்கள். ராயல் கரீபியனும் 50இல் தொடங்கி 250இல் முடிக்கிறது. அது நாளாக அல்லாமல் இரவாக எண்ணுவதால், ஒரே நீளமுள்ள பயணம் ஒரு குழுமத்தில் ஒரு படியிலும் மற்றொன்றில் வேறொரு படியிலும் விழக்கூடும். 13 நாள் பயணத்தையும் 14 நாள் பயணத்தையும் எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒரு கார்னிவல் பங்குதாரருக்கு, அந்த ஒரு நாளின் விலை 150 டாலர். பயண அட்டவணையைப் பார்க்கும்போது பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

எத்தனை பங்கு வைத்திருந்தாலும் தொகை அதிகரிக்காது. 100 பங்குக்காரருக்கும் 10,000 பங்குக்காரருக்கும் ஒரே 100 டாலர்தான். கணவன், மனைவி இருவரும் தனித்தனியே 100 பங்குகள் வைத்திருந்து ஒரே அறையில் பயணித்தாலும் அந்த அறைக்கு ஒரு சலுகைதான். பெற்றோருக்கு அடுத்த அறையைப் பதிவு செய்தால், பங்கு பிள்ளையின் பெயரில் மட்டும் இருக்கும்பட்சத்தில் பெற்றோரின் அறைக்கு ஒன்றும் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் ஸ்டோக்வெல் முறையில் பலர் சேர்ந்து பணம் போட்டுப் பெரிய வேலைகளை முடித்துக்கொள்ளும் பழக்கம் நம்மவரிடமும் ஊறியது. பத்துக் குடும்பங்கள் ஆளுக்குப் பத்துப் பங்கு வாங்கி 100 ஆக்கிக்கொள்ளலாமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் இங்கே அது செல்லாது. 100 பங்கும் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் தாமே கப்பலேற வேண்டும்.

பணம் என்று சொல்லப்பட்டாலும் இது கையில் வரும் பணமல்ல. கப்பலில் நோட்டும் சில்லறையும் புழங்குவதில்லை. அறைச் சாவியாகவும் பயன்படும் அட்டையைத் தட்டினால் செலவு கணக்கில் ஏறும். கடைசி நாள் காலையில் அந்தக் கணக்கு கடன் அட்டையிலிருந்து தீர்க்கப்படும். பங்குதாரர் சலுகை அந்தக் கணக்கின் மேல்வரியில் கழித்தல் குறியோடு நிற்கும். அறையிலுள்ள தொலைக்காட்சியிலோ செல்பேசிச் செயலியிலோ கணக்கைத் திறந்தால், முதல் நாளே அதைக் காணலாம். தனிக்கட்டண உணவகம், கரைச் சுற்றுலா, வைஃபை, சலவை, ஸ்பா, மது போன்றவற்றுக்கு அது கழியும். கார்னிவலின் விதிப்படி கேசினோவுக்கும், நாள்தோறும் கணக்கில் தானாக ஏறும் டிப்ஸுக்கும் அதைப் பயன்படுத்த முடியாது. ரொக்கமாக மாற்றவும் முடியாது. மதுவைத் தொடாத, உணவகத்துக்குத் தனியே பணம் கொடுக்க விரும்பாத, துறைமுகத்தில் இறங்கித் தாமே சுற்றிவரும் சிக்கனமான பயணிக்கு, ஒரு வாரத்தில் 100 டாலரைச் செலவழிக்க இடம் தேட வேண்டிய நிலை வந்தாலும் வியப்பில்லை. அப்படித் தேடி வாங்கும் பொருளைச் சேமிப்பு என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் திட்டத்தின் சாமர்த்தியம் புரியும். பயணச்சீட்டின் விலையைக் குறைத்து இடத்தை நிரப்புவதும், ஏறிய பயணியிடம் கப்பலுக்குள் விற்கும் பொருள்களிலும் சேவைகளிலும் ஈட்டுவதும் இத்துறையின் அடிப்படை. அங்கே 100 டாலருக்கு விற்கப்படும் சேவையை வழங்க நிறுவனத்துக்கு ஆகும் உண்மைச் செலவு 100 டாலரைவிட வெகுவாகக் குறைவு. ஆகவே வரவு வைக்கும் தொகை நிறுவனத்துக்கு அத்தனை கனமானதல்ல. அதற்கு மாறாக, ஏற்கெனவே கப்பல் பயணத்தில் ருசி கண்டவர் பங்கையும் வாங்கிக்கொண்டு, விலை ஏறினாலும் இறங்கினாலும் விற்காமல் வைத்திருக்கிறார். அடுத்த பயணத்தையும் அதே குழுமத்திலேயே பதிவு செய்கிறார். சிறு முதலீட்டாளரும் வாடிக்கையாளரும் ஒரே ஆளாகிவிடுவதே இதன் பயன்.

இப்படி நினைத்தவர்கள் முன்பே இருந்தார்கள். பிரிட்டனின் பழைய பி அண்ட் ஓ நிறுவனம், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் தன் ஃபெரிகளின் கட்டணத்தில் தள்ளுபடி தருவதற்கென்றே ஒரு வகை முன்னுரிமைப் பங்கை வைத்திருந்தது. பிரான்சுக்குக் காரோடு அடிக்கடி போய்வந்தவர்கள் தள்ளுபடிக்காகவே அதை வாங்கினார்கள். ஜப்பானில் பங்குதாரர்களுக்கு அரிசி முதல் ரயில் சீட்டு வரை அனுப்பும் பழக்கம் பரவலாக உண்டு. அங்கே நிப்பான் யூசென் என்னும் கப்பல் நிறுவனம் தன் அசுகா சொகுசுக் கப்பலுக்கான தள்ளுபடிச் சீட்டுகளைப் பங்குதாரர்களுக்குத் தந்துவந்திருக்கிறது. பி அண்ட் ஓவின் பழைய பங்கில் சலுகை அந்தப் பங்கோடு பிணைந்திருந்தது. இன்றைய மூன்று குழுமங்களின் சலுகையோ அப்படிப் பிணைந்ததன்று. அது நிறுவனம் விரும்பும்வரை நீட்டிக்கப்படும் ஒரு நல்லெண்ண ஏற்பாடு. நீட்டிக்காமல் விட்டுவிட்டால் பங்குதாரர் கேட்க உரிமையில்லை. குழுமத்திலிருந்து ஒரு கப்பல் நிறுவனம் கைமாறிப்போனாலும் சலுகை அதோடு போய்விடும். கேப்டவுன் பக்கம் பருவத்தில் வந்துபோகும் அசமாரா, 2021இல் ராயல் கரீபியன் குழுமத்திலிருந்து விற்கப்பட்டது. அன்றிலிருந்து ராயல் கரீபியன் பங்குக்கும் அசமாரா பயணத்துக்கும் தொடர்பில்லை.

இனி ராண்ட் கணக்குக்கு வருவோம். பங்கு விலை நாளுக்கு நாள் மாறுவதால் இங்கே தரும் விலைகளை எடுத்துக்காட்டாக மட்டுமே கொள்ள வேண்டும். கார்னிவலின் ஒரு பங்கு 28 டாலர் என்றும், ஒரு டாலர் 18 ராண்ட் என்றும் வைத்துக்கொண்டால், 100 பங்குக்கு 2,800 டாலர், அதாவது 50,400 ராண்ட் ஆகும். ஆண்டுக்கு ஒரு 7 நாள் பயணம் போனால் 100 டாலர், முதலுக்கு 3.6 சதவீதம். ஒரு 14 நாள் பயணம் போனால் 250 டாலர். கிட்டத்தட்ட 9 சதவீதம். ராயல் கரீபியனின் ஒரு பங்கு 280 டாலர் என்று கொண்டால், அதே 100 பங்குக்கு 28,000 டாலர், 5 லட்சத்து 4 ஆயிரம் ராண்ட் வேண்டும். அந்த 7 நாள் பயணத்துக்கு அங்கேயும் 100 டாலர்தான் என்பதால் விகிதம் 0.36 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. சலுகையை நினைத்து ராயல் கரீபியனை வாங்குவதில் பொருளே இல்லை. அந்த நிறுவனத்தின் வளர்ச்சியை நம்பி வாங்குபவருக்கு இது ஒரு கொசுறு. கார்னிவலும் நார்வீஜியனும் மலிவாகத் தெரிவது பங்கின் விலை குறைவாக இருப்பதால்தான். விலை குறைவாக இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் 9 சதவீதம் என்பதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து.

2020 தொடக்கத்தில் கார்னிவல் பங்கு 50 டாலரையொட்டி விற்றது. பிப்ரவரியில் அதே குழுமத்தின் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. மார்ச்சில் உலகம் முழுதும் கப்பல்கள் நின்றன. லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் ஈவுத்தொகையை நிறுவனம் நிறுத்தியது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பங்கை 8 டாலருக்கு விற்றும், 400 கோடி டாலரை 11.5 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கியும் மூச்சுவிட வேண்டியதாயிற்று. ராயல் கரீபியன் பங்கும் அந்த ஆண்டு தொடக்கத்தில் இருந்த சுமார் 130 டாலரிலிருந்து 30க்குக் கீழே போனது. சலுகைக்காக 5,000 டாலர் போட்டு 100 கார்னிவல் பங்கு வாங்கியிருந்தவரிடம் மிஞ்சியது 800 டாலர். கப்பல்களே ஓடாததால் சலுகையை அனுபவிக்கவும் வழியில்லை. இதுவே இந்த முதலீட்டின் அடிப்படைக் குறை என்று கருதுகிறேன்: பங்கை வீழ்த்தும் காரணமே பயணத்தையும் நிறுத்துகிறது. தொற்று, எரிபொருள் விலையேற்றம், போர், பொருளாதாரத் தேக்கம் என எது வந்தாலும் இரண்டும் ஒன்றாகவே அடி வாங்கும். ஒன்றின் நட்டத்தை மற்றொன்று ஈடுகட்டாது.

ராயல் கரீபியன் பின்னர் கடனைச் சமாளித்து மேலேறி, 2024இல் ஈவுத்தொகையை மீண்டும் தொடங்கியது. கார்னிவலின் கடன் ஒரு கட்டத்தில் 3,500 கோடி டாலரைத் தாண்டியது. புதிய பங்குகளை வெளியிட்டதால் பழைய பங்குதாரரின் உரிமை விகிதமும் நீர்த்துப்போனது. 2025 டிசம்பரில்தான் அது ஈவுத்தொகையை மீண்டும் அறிவித்தது. நார்வீஜியன் ஈவுத்தொகை தருவதில்லை. பேரிடர் எதுவும் வராத சாதாரண நாள்களிலும் இத்துறைப் பங்குகள் ஒரே நாளில் 4 சதவீதம் ஏறி இறங்குவது அரிதல்ல. 2,800 டாலருக்கு 4 சதவீதம் என்பது 112 டாலர். ஒரு வாரப் பயணத்தின் சலுகை முழுதும் ஒரு நாள் சந்தை அசைவில் கரைந்துவிடும்.

தென்னாப்பிரிக்கரான நம்மைப் பொறுத்தவரை ராண்டின் ஏற்ற இறக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அது பல நேரங்களில் நமக்குச் சாதகமாகவே இருந்திருக்கிறது, ஏனெனில் டாலரில் வைத்த சொத்து ராண்ட் சரியும்போது கனக்கிறது. வெளிநாட்டுப் பங்கு வாங்குவது முன்போல் சிரமமான வேலையல்ல. ஈஸிஈக்விட்டீஸ் போன்ற உள்ளூர்த் தளங்களிலேயே டாலர் கணக்கு தொடங்கி, பங்கின் ஒரு துண்டைக்கூட வாங்கலாம். மாதாமாதம் சிறுகச் சேர்த்து 100 முழுப் பங்கை எட்டலாம், 99.7 என்று நின்றால் சலுகை கிடையாது. நாட்டுக்கு வெளியே பணம் அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கி விதித்துள்ள தனிநபர் ஆண்டு வரம்பு, பல ஆண்டுகள் 10 லட்சம் ராண்டாக நிலைத்திருந்தது. 100 கார்னிவல் பங்கு அதில் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். டாலரில் கட்டும் பயணச்செலவும் முதலீடும் அந்த ஒரே வரம்புக்குள்தான் வரும் என்பதை மட்டும், பெரிய தொகையில் ராயல் கரீபியன் வாங்குவோர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு சிறு செய்தி இடையே: இந்த மூன்று குழுமங்களும் அமெரிக்காவிலிருந்து நடத்தப்பட்டாலும் அமெரிக்காவில் பதிவானவை அல்ல. ராயல் கரீபியன் லைபீரியாவிலும், நார்வீஜியன் பெர்முடாவிலும், கார்னிவல் பனாமாவிலும் பதிவாயின. கார்னிவல் 2025 இறுதியில் பெர்முடாவுக்கு மாறும் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்கப் பங்குகளைப் பெருமளவில் வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால் அந்நாட்டு மரபுரிமை வரி குறுக்கிடுமே என்ற கவலை, வெளிநாட்டில் பதிவான இத்தகைய நிறுவனங்களின் பங்குக்குப் பொதுவாக எழுவதில்லை. 50,000 ராண்ட் முதலீட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல என்றாலும், குடும்பத்துக்காகப் பெரிய அளவில் பங்கு சேர்ப்போருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

விண்ணப்பிப்பதில் சிக்கல் ஏதும் இல்லை என்றாலும், சின்னச் சின்ன இடங்களில் அது தடுக்கும். முன்பதிவு எண், கப்பலின் பெயர், புறப்படும் நாள் ஆகியவற்றோடு, புரோக்கர் கணக்கின் அண்மை அறிக்கை வேண்டும். அதில் பெயர், தேதி, நிறுவனம், பங்கின் எண்ணிக்கை ஆகிய நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். மற்ற முதலீடுகளையும் கணக்கு எண்ணையும் மறைத்து அனுப்புவது நல்லது. அறிக்கையிலுள்ள பெயரும் பயணச்சீட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நம் குடும்பங்களில் அதிகம் இடறும் இடம். திருமணத்துக்கு முன் பிள்ளை என்ற குடும்பப் பெயரில் தொடங்கிய கணக்கு அப்படியே இருக்க, கடவுச்சீட்டில் கவுண்டர் என்றோ நாயுடு என்றோ மாறியிருக்கும். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தள்ளுபடிச் சீட்டு பிடித்து நான்கு நாளில் புறப்படுபவருக்கு இது கைகொடுக்காது. முகவர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரிய கட்டணத்தில் பயணிப்போருக்கும் பொதுவாகச் சலுகை இல்லை. கப்பலேறிய பிறகு வரவேற்பு மேசையில் போய்க் கேட்டு வாங்கலாம் என்று எண்ணுவோருக்கும் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் அங்கிருப்பவர்களின் கையில் இது இல்லை.

ஆக இது யாருக்குப் பொருந்தும்? போர்த்துகீசியத் தீவுக்கு மூன்று இரவு போய்வரும் குடும்பத்துக்குப் பொருந்தாது. அவர்கள் ஏறும் கப்பலுக்குப் பங்கே இல்லை. பிள்ளைகள் லண்டனிலும் சிட்னியிலும் டொரான்டோவிலும் குடியேறிவிட்ட, ஓய்வு பெற்ற டர்பன் தம்பதியருக்கு ஓரளவு பொருந்தலாம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் சவுத்தாம்ப்டனிலிருந்து பி அண்ட் ஓவிலோ, சிட்னியிலிருந்து பிரின்சஸிலோ ஒரு பயணத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடையே பெருகிவருகிறது. கேப்டவுனிலேயே ஏற விரும்புவோருக்கும் வாய்ப்பு உண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் உலகப் பயணம் செய்யும் கியூனார்டு கப்பல்கள் கேப்டவுனைத் தொட்டுச் செல்வதுண்டு. அங்கிருந்து சவுத்தாம்ப்டன் வரையிலான ஒரு பகுதிக்கு மட்டும் சீட்டு வாங்க முடியும். அது பெரும்பாலும் 14 நாளையொட்டி வருவதால், முன்பதிவு செய்யும்போதே அந்தப் பகுதி 13 நாளா 14 நாளா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நார்வீஜியனும் சில பருவங்களில் கேப்டவுனுக்கும் மொரீஷியசின் போர்ட் லூயிக்கும் இடையே கப்பல் ஓட்டியிருக்கிறது. அங்கே 250 டாலருக்கான எல்லை 15 நாள்.

இத்தகையோர்கூட, பயணத்தை முடிவு செய்தபின் சலுகைக்காகப் பங்கு வாங்கலாமா என்று யோசிப்பதைவிட, சலுகையே இல்லாவிட்டாலும் இந்தப் பங்கை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருப்போமா என்று தம்மைக் கேட்டுக்கொள்வது பயனுள்ளது. ஆம் என்றால் 100 பங்குக்கு மேல் சலுகைக்காகச் சேர்க்கத் தேவையில்லை. இல்லை என்றால் அந்த 50,400 ராண்டைச் சேமிப்புக் கணக்கில் போட்டு, வரும் வட்டியை எம்.எஸ்.சி. உட்பட எந்தக் கப்பலிலும், டிப்ஸுக்கும் சேர்த்தே செலவழித்துக்கொள்ளலாம்.